ஏரிக்கரையில் ஒரு வாரம்

அமெரிக்காவின் வடகோடியில், மின்னசோட்டா மாநிலத்து ஈலி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது பர்ன்ட்சைட் ஏரி. அதன் கரையில் ஒய்.எம்.சி.ஏ. நடத்தும் குடும்ப முகாம், கேம்ப் டு நோர். பிள்ளைகளை மட்டும் அனுப்பிவைக்கும் முகாமல்ல. தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லோரும் கோடையில் ஒரு வாரம் சேர்ந்தே தங்கலாம். படகு, காட்டு நடை, நீச்சல் எல்லாம் உண்டு. ஆனால் சுவாரஸ்யமானது சவுனாதான். ஃபின்லாந்திலிருந்து குடியேறியவர்கள் அந்தப் பகுதிக்குக் கொண்டுவந்த பழக்கம். மர அறையின் வெக்கையில் வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்துவிட்டு, நேரே ஓடிப்போய்ச் சில்லென்ற ஏரியில் குதிப்பார்கள்! இன்னொன்று: அந்த மாநிலத்தில் ஓடும் படகில் 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உயிர்காப்பு அங்கி அணிவது சட்டப்படி கட்டாயம். எந்த ஊர்ப் படகானாலும், வயது பார்க்காமல் அதை மாட்டிக்கொண்டே ஏறுங்கள், நேயர்களே.