லாடமடிப்பவர் வரும் நாள்

பிரிட்டனில் குதிரை வளர்ப்பவர்களின் நாட்காட்டியில் ஆறு வாரத்துக்கு ஒரு நாள் தவறாமல் குறிக்கப்பட்டிருக்கும். அன்று லாடமடிப்பவர் வருவார். எரிவாயு உலை, பட்டறைக்கல், குறடு, அரம், ஆணிப்பெட்டி என ஒரு பட்டறையே அவருடைய வேனில் வந்து இறங்கும். அவர் வரும் நாளில் குதிரைக்காரர் என்ன செய்ய வேண்டும், பணம் எப்போது தர வேண்டும் என்பதற்கெல்லாம் அங்கே எழுதாத விதிகள் பல உண்டு. கேட்பதற்கு வெறும் பண்பாட்டு வழக்கம்போலத் தோன்றும் அந்த விதிகளுக்குக் காரணம் தேடினால், பெரும்பாலும் குதிரையின் குளம்புக்குள்தான் போய் நிற்போம்.

குதிரை ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரலை ஊன்றி நிற்கிறது. நம் நடுவிரலுக்கு இணையான விரல் அது; அந்த விரலின் நகம்தான் குளம்பு. அதன் வெளிச்சுவர், நம் நகத்தைப் போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது; மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்கிறது. மேல்விளிம்பில் இன்று உருவாகும் பகுதி கீழே இறங்கி முன்நுனியைத் தொட ஒரு வருடம்வரை ஆகலாம். திறந்தவெளியில் நாளெல்லாம் நடந்து திரியும் குதிரையின் குளம்பைத் தரையே தேய்த்துவிடும். லாடம் கட்டிய குளம்பு தரையைத் தொடுவதில்லை. வளர்ச்சி மட்டும் நிற்காமல் நடக்கிறது.

அந்த வளர்ச்சியின் விளைவும் சீராக இருப்பதில்லை. ஒவ்வொரு அடியிலும் உடல் எடை இறங்கும்போது குளம்பின் பின்பகுதி சற்றே விரிந்து சுருங்கும். அப்போது இரும்பின்மேல் உரசித் தேயும். முன்நுனி அப்படி அசைவதில்லை. சில வாரங்களில் முன்பக்கம் நீள, பின்பக்கம் தாழ, குளம்பு தரையோடு நிற்கும் கோணமே மாறிவிடுகிறது. காலின் பின்புறத் தசைநாண்கள் கூடுதல் இழுப்பைத் தாங்க நேர்கிறது. குறித்த நாளைத் தள்ளிப்போடக் கூடாது என்ற விதியின் காரணம் இதுதான். வேறு வழியில்லை என்றால் பல நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒரு லாயத்திலிருந்து அடுத்த லாயத்துக்கு ஓடும் தொழில் அது. கடைசி நேரத்தில் கைவிடப்பட்ட ஒரு மணி நேரத்தை அவரால் மீட்க முடியாது. ஆகவே அதற்குக் கட்டணம் கேட்பதும் நியாயமே.

அவர் வருவதற்கு முன்பே குதிரையை மேய்ச்சலிலிருந்து பிடித்து வந்து, கால்களைச் சுத்தம் செய்து, உலர வைத்திருக்க வேண்டும். நனைந்த குளம்பு மென்மையாகிவிடும். சேறு கத்தியின் கூர்மையைக் கெடுப்பதோடு, விரிசலையும் அழுகலையும் மறைத்துவிடும். சமமான கெட்டித் தரையும் நல்ல வெளிச்சமும் வேண்டும். கால் எப்படி ஊன்றுகிறது என்று பார்த்துத்தானே அவர் எதைச் செதுக்குவது என்று முடிவெடுக்கிறார்!

அடுத்தது, குதிரையைப் பிடித்துக்கொள்பவரின் கடமை. நம் ஊர்ச் சந்தைகளில் மாட்டுக்கு லாடம் கட்டும்போது கயிற்றால் கால்களைப் பிணைத்துக் கீழே சாய்ப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். மாட்டுக்குப் பிளவுபட்ட குளம்பு. ஒரு காலுக்கு இரண்டு தகடுகள். குதிரையோ மூன்று கால்களில் நின்றபடியே நான்காவது காலைத் தரப் பழகிக்கொள்கிறது. சுமார் 500 கிலோ எடையில் பாதிக்கு மேல், கிட்டத்தட்ட 60 சதவீதம், முன்னங்கால்களில் இறங்குகிறது. ஒரு முன்னங்காலைத் தூக்கினால் மற்றொன்றின் பாடு கடினம். மூட்டு வலி உள்ள வயதான குதிரைக்கு இடையிடையே காலை இறக்கி ஓய்வு தர வேண்டும். இதை முன்கூட்டியே சொல்வது உரிமையாளரின் பொறுப்பு. பிடித்திருப்பவர் லாடமடிப்பவர் இருக்கும் பக்கமே நிற்பது வழக்கம். குதிரை மிரண்டால் தலையைத் தன்பக்கம் இழுப்பார். உடனே அதன் பின்பகுதி எதிர்ப்பக்கம் விலகும். குனிந்து வேலை செய்பவரின் முதுகையும் விலாவையும் காப்பது இந்தச் சின்ன இயக்கம்தான்.

ஆணி அடிக்கும் கட்டம் வந்ததும் பேச்சைக் குறைத்துக்கொள்வது நல்லது. குளம்புச் சுவரின் தடிமன் முன்புறத்தில் ஏறக்குறைய 1 செ.மீ.தான். அதற்குள்ளே உணர்ச்சி நரம்புகள் கொண்ட பகுதி தொடங்குகிறது. இரண்டுக்கும் எல்லையாக அடிப்புறத்தில் வெண்கோடு ஒன்று தெரியும். ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியேதான் ஏற வேண்டும். ஆணியின் நுனி ஒருபக்கம் சரிவாகச் சீவப்பட்டிருப்பதால் அது உள்ளே போகாமல் வளைந்து வெளிச்சுவரைத் துளைத்து வருகிறது. சுத்தியலின் ஓசையையும் கைக்குத் தெரியும் எதிர்ப்பையும் வைத்து ஆணி போகும் வழியை அவர் அறிகிறார். சில மில்லிமீட்டர் பிசகினால் குதிரை நொண்டும். பிரிட்டனில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, பல ஆண்டு பயிற்சி முடித்துப் பதிவு பெற்றவர்கள், கால்நடை மருத்துவர்கள் போன்ற சிலரே இந்த வேலையைச் செய்யலாம். சொந்தக் குதிரையாக இருந்தாலும் மற்றவர்கள் லாடம் அடிப்பது குற்றம்.

வெண்கோட்டுக்கு உள்ளே இருக்கும் அமைப்பு வியக்கத்தக்கது. இரண்டு புத்தகங்களின் தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகினாற்போல, குளம்புச் சுவரின் உட்புறத்தில் ஏறக்குறைய அறுநூறு மெல்லிய மடிப்புகள், எலும்பைப் போர்த்திய திசுவின் மடிப்புகளோடு கோத்து நிற்கின்றன. ஒவ்வொரு மடிப்பிலும் நூற்றுக்கு மேற்பட்ட நுண்மடிப்புகள். குளம்பின் எலும்பு இந்தப் பிணைப்பில்தான் தொங்குகிறது. சத்து மிகுந்த புல்லை அளவின்றி மேய்ந்த குதிரைக்கு இந்தப் பிணைப்பு நோயுற்றுத் தளரலாம். அப்போது வெண்கோடு அகலும்; சுவரில் பின்பக்கம் விரிந்து செல்லும் வளையங்கள் தோன்றும். குதிரை கடந்துவந்த மாதங்களின் உடல்நிலை அந்த வளையங்களில் பதிந்திருக்கிறது. அதை முதலில் வாசிப்பவர் பெரும்பாலும் லாடமடிப்பவரே. தீவன மாற்றத்தையும் நொண்டலையும் அவரிடம் மறைக்காமல் சொல்வது, மருத்துவரிடம் சொல்வதற்குச் சமமான கடமை.

இப்போது பணம். வேலை முடிந்த அன்றே, ரொக்கமாகவோ வங்கி வழியாகவோ, கேட்காமலே கொடுத்துவிட வேண்டும். வெட்டித் திருத்துவதற்கு ஒரு தொகை, லாடம் அடிப்பதற்கு அதைவிடக் கூடுதல், கழன்ற லாடத்துக்காகத் தனியே வந்தால் என்ன வழக்கம் என்பதையெல்லாம் முதல் நாளே பேசி வைப்பது இரு தரப்புக்கும் நிம்மதி. இரும்பு, எரிவாயு, பயணம் ஆகியவற்றின் செலவை அவர் முன்பே செய்துவிட்டார். குனிந்தே உழைத்துத் தேயும் முதுகின் விலையும் அந்தத் தொகைக்குள் இருக்கிறது. பேரம் பேசி அதைக் குறைப்பவர், குளம்பைக் கவனித்துப் பார்க்கும் நேரத்தைத்தான் குறைக்கிறார்.

நாம் கொடுக்கும் பணத்துக்கு அடுத்த ஆறு வாரம் குதிரை வலியின்றி நடக்கிறது. அதனால் பணத்தைத் தந்த கையோடு அடுத்த தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும்.