ஐரோப்பாவில் முதுநிலைப் படிப்பு: கட்டணப் பட்டியலில் நம் பிள்ளைக்குரிய வரி எது?



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், ஒரு வாப்பா தம் மகனை அழைத்துக்கொண்டு நம் அறக்கட்டளை அலுவலகத்திற்கு வந்தார். மகன் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் பட்டம் முடித்தவர். கையில் அச்செடுத்த நான்கைந்து தாள்கள். நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்பு, ஆண்டுக் கட்டணம் 2,601 ஈரோ. "நம்ம ரூபாய்க்கு ரெண்டரை லட்சம் சொச்சம்தானே வருது, சென்னையிலேயே இதைவிட அதிகமா கேக்கிறாங்களே" என்றார். அந்தக் கணக்கை நம்பி, வைத்திருந்த ஒரே மனையை விற்க ஆள் பார்த்து, விலையும் பேசி வைத்திருந்தார்.

தாளை வாங்கிப் பார்த்தோம். தொகை சரிதான். ஆனால் அது ஐரோப்பியக் குடிமக்களுக்கான கட்டணம். அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே, மற்ற நாட்டு மாணவர்களுக்கு என்று வேறொரு தொகை இருந்தது. அது இருபதாயிரம் ஈரோவைத் தாண்டியது. மகன் அந்த வரியைப் பார்க்கவே இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பக்கங்கள் முதலில் தம் ஊர்ப் பிள்ளைகளுக்காக எழுதப்படுபவை. நம் பிள்ளை அவற்றைப் படிக்கும்போது, தன்னை அறியாமலேயே ஓர் ஐரோப்பிய மாணவனின் இடத்தில் நின்று படித்துவிடுகிறான். இதே தடுமாற்றத்தோடு இந்த ஆண்டு வேறு சிலரும் வந்ததால்தான் இதை விரிவாக எழுதுகிறோம்.

ஐரோப்பிய மாணவர் என்றால் யார்? ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள 27 நாடுகளில் ஒன்றின் குடிமகன். பெரும்பாலும் நார்வே, ஐஸ்லாந்து, லிச்டென்ஸ்டைன், சுவிட்சர்லாந்துக் குடிமக்களையும் இவர்களோடு சேர்த்துக்கொள்வார்கள். பார்க்கப்படுவது மாணவரின் கடவுச்சீட்டு. பிறந்த ஊரோ, பேசும் மொழியோ, அங்கே மாமா இருக்கிறாரா என்பதோ அல்ல. காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமையுடன் வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளை நம் பிள்ளையைப் போலவே மதரஸாவில் ஓதி, நம் ஊர்க் கல்லூரியிலேயே படித்திருந்தாலும், பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருந்தால் நெதர்லாந்தில் அந்த 2,601 ஈரோ வரிக்கு உரியவர். பிரிட்டனில் குடியேறி அந்நாட்டுக் குடியுரிமை மட்டும் பெற்ற நம் உறவினர்களின் பிள்ளைகளோ, பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு இந்த வரியில் இல்லை. இது அவர்களில் பலருக்கே தெரியவில்லை.

இந்த வேறுபாடு எல்லா நாட்டிலும் ஒரே அளவில் இல்லை. ஸ்வீடன் 2011 முதலும், பின்லாந்து 2017 முதலும், நார்வே 2023 முதலும் வெளிநாட்டாரிடம் கட்டணம் வாங்குகின்றன. ஐரோப்பியருக்கு அங்கே இன்றும் இலவசம். "நார்வேயில் படிப்பு ஃப்ரீ" என்று பழைய நினைவில் சொல்லும் காக்காமார்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரான்ஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் 2019-இல் முதுநிலைக்கு ஐரோப்பியருக்கு 243 ஈரோ, மற்றவருக்கு 3,770 ஈரோ என்று பிரித்தார்கள். பிறகு இரண்டும் சிறிது கூடியுள்ளன. பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டாருக்கும் தாமாகவே விலக்கு தருகின்றன என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

நம் குடும்பங்களின் கைக்கு எட்டுவதாக நாங்கள் கருதுவது ஜெர்மனிதான். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் ஐரோப்பியருக்கும் நமக்கும் ஒரே நிலை: கல்விக் கட்டணம் இல்லை. பருவத்திற்கு 100 முதல் 400 ஈரோ வரை பொதுக் கட்டணம் மட்டும் உண்டு. பல ஊர்களில் அதிலேயே பஸ், ரயில் பாஸும் அடங்கும். ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், அதாவது ஹைடல்பெர்க், ஸ்டுட்கார்ட், ஃபிரைபர்க், கார்ல்ஸ்ரூ முதலிய ஊர்களில், ஐரோப்பியர் அல்லாதவருக்குப் பருவத்திற்கு 1,500 ஈரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வெளிநாட்டாரிடம் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. தனியார் பல்கலைக்கழகங்களின் கதை வேறு. சில ஏஜெண்டுகள் "ஜெர்மனி" என்று சொல்லிச் சேர்த்துவிடுவது அந்தத் தனியார் இடங்களில்தான், ஏனெனில் கமிஷன் அங்கேதான் கிடைக்கும். சேரச் சொல்லும் இடம் அரசுடையதா, தனியாருடையதா என்று முதலில் கேளுங்கள்.

அடுத்து மதிப்பெண். ஜெர்மனியில் 1 என்பது மிகச் சிறந்தது, 4 என்பது வெறும் தேர்ச்சி. நம் மதிப்பெண்ணை இதற்கு மாற்ற அவர்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு. முழு மதிப்பெண்ணிலிருந்து பிள்ளை எடுத்ததைக் கழித்து, அதை 3 ஆல் பெருக்கி, முழு மதிப்பெண்ணுக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, ஒன்றைக் கூட்ட வேண்டும். தேர்ச்சி 40 என்றிருக்கும் கல்லூரியில் 70 விழுக்காடு எடுத்தவருக்கு: 30 ஐ 3 ஆல் பெருக்கினால் 90, அதை 60 ஆல் வகுத்தால் 1.5; ஒன்றைக் கூட்டினால் 2.5. பல படிப்புகள் 2.5 அல்லது அதைவிடச் சிறந்த மதிப்பு கேட்கின்றன. ஆகவே 70 விழுக்காடு என்பது பல இடங்களில் வாசற்படி. முதலாண்டில் "பாஸானால் போதும்" என்று இருந்துவிட்டு இறுதியாண்டில் வெளிநாடு பற்றி யோசிக்கும் பிள்ளைகள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

மதிப்பெண் இருந்தும் தள்ளப்படுவோர் உண்டு. காரணம், பாடம் பொருந்தாமை. பி.காம். படித்தவர் டேட்டா சயின்ஸ் கேட்டால், கணிதத்திலும் கணினியிலும் இத்தனை கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நம் கரையில் படித்தவர்களுக்கு எது பொருந்தும் என்று யோசிப்பதே இல்லையோ என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு. மீன்வளக் கல்லூரி 1977 முதல் நம் ஊரில் இருக்கிறது. பிரேமன் பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல நீர்ச்சூழல் பற்றி ஆங்கிலத்திலேயே நடக்கும் முதுநிலைப் படிப்பு ஒன்று உண்டு. பவளப்பாறை, சதுப்புநிலக்காடு, கரையோர மீன்பிடி எல்லாம் அதில் பாடம். நம் பிள்ளைகள் கடலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள். முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றதையும், 1973-இல் தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டியதையும் வீட்டிலேயே கேட்டவர்கள். விண்ணப்பத்தோடு தரவேண்டிய நோக்கக் கடிதத்தில் இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, "சிறு வயது முதல் அறிவியலில் ஆர்வம்" என்று எங்கிருந்தோ நகலெடுத்து எழுதுகிறார்கள்.

தாள்களைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் படித்து ஜெர்மனிக்கு மாணவர் விசா கேட்பவர்களுக்கு, 2022 நவம்பர் 1 முதல் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். நம் மதிப்பெண் பட்டியல்கள் உண்மையானவையா என்று டெல்லியில் உள்ள அலுவலகம் சரிபார்த்துத் தரும் சான்று அது. கட்டணம் 18,000 ரூபாய். ஒரு முறை வாங்கினால் எத்தனை பல்கலைக்கழகத்திற்கும் அதுவே போதும். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பங்களை யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பின் வழியாக வாங்குகின்றன. முதல் விண்ணப்பத்திற்கு 75 ஈரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்த ஒவ்வொன்றிற்கும் 30 ஈரோ. ஐரோப்பிய மாணவருக்கு ஏ.பி.எஸ்.ஸும் இல்லை, விசாவும் இல்லை. அதனால்தான் ஒரே படிப்புக்கு அவர்களுக்கு ஜூலை வரை நாள் கொடுத்துவிட்டு, நமக்கு ஜனவரியிலோ மார்ச்சிலோ கதவை அடைத்துவிடுகிறார்கள். கட்டணத்தைப் போலவே கடைசித் தேதியிலும் நமக்குத் தனி வரி உண்டு. அக்டோபரில் வகுப்பு என்றால் முந்தைய ஆண்டு ஜூலையிலேயே ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக்குத் தயாராக வேண்டும். பல இடங்களில் 6.5 கேட்பார்கள், மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும்.

நம் வீடுகளில் எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் பெயர்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "மு.செ. முஹம்மது" என்று இனிஷியலோடு இருக்கும். ஆதாரில் "முகமது". கடவுச்சீட்டில் வாப்பா பெயரும் சேர்ந்து ஒரே நீளமாக, குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த ஒரு பெயரே நாலைந்து விதமாக மாறும். நமக்கு எல்லாம் ஒருவர்தான். அங்கே கோப்பைப் பார்க்கும் அலுவலருக்கு மூன்று பேர். ஒரு தம்பிக்குச் சேர்க்கைக் கடிதம் ஒரு பெயரிலும் காப்பீடு வேறு பெயரிலும் வந்து, அவற்றைச் சரிசெய்வதற்குள் பருவமே தொடங்கிவிட்டது. ஆகவே பிள்ளை பட்டப்படிப்பில் இருக்கும்போதே எல்லாத் தாள்களையும் ஒரு மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளிச் சான்றிதழில் பிழை என்றால் பள்ளித் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்திற்கு எழுத வேண்டும், மாதங்கள் ஆகும். கடவுச்சீட்டைத் திருத்துவது அதைவிட எளிது.

இனி பணம். ஜெர்மன் விசாவுக்கு, ஓராண்டு வாழ்க்கைச் செலவு கையில் இருப்பதைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் இது 11,904 ஈரோ. ஈரோவுக்கு நூறு ரூபாய் வைத்தால் ஏறக்குறைய 12 லட்சம். இதை "பிளாக்டு அக்கவுண்ட்" என்ற கணக்கில் போட்டால், பிள்ளை அங்கே போனபின் மாதம் 992 ஈரோ எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய மாணவருக்கு இதுவும் இல்லை. ஏஜெண்டுகள் "அது உங்கள் பணம்தான், திரும்பி வந்துவிடும்" என்பார்கள். இது பாதி உண்மை. விசா மறுக்கப்பட்டால் திரும்பி வரும். விசா கிடைத்தால் அது வாடகையாகவும் சாப்பாடாகவும், மாதம் 140 ஈரோ அளவில் மருத்துவக் காப்பீடாகவும் கரைந்துவிடும். பகுதிநேர வேலை செய்து ஓரளவு ஈடுகட்டலாம்; ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வரை அனுமதி உண்டு. ஆனால் போன மாதமே வேலை கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

இந்த 12 லட்சத்திற்காகத்தான் வீடுகள் வட்டிக்குள் நுழைகின்றன. கல்விக் கட்டணமே இல்லாத படிப்புக்கு நகை அடகு, வங்கிக் கடன் என்று போகிறார்கள். வங்கியில் ஏழரை லட்சத்திற்கு மேல் கேட்டால் சொத்து ஈடும் கேட்பார்கள். மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. அதை உங்கள் பள்ளி இமாமிடம் கேளுங்கள். வட்டிக்குப் போகுமுன் பார்க்க வேண்டிய வழிகளை மட்டும் சொல்கிறோம். மேலே, மாமா ஜெர்மனியில் இருந்தாலும் கட்டண வரி மாறாது என்று குறிப்பிட்டோம். ஆனால் இந்த இடத்தில் அந்த மாமா உதவலாம். போதிய வருமானத்தோடு அங்கே வசிப்பவர், அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் பிள்ளையின் செலவுக்குத் தாம் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தால், 12 லட்சத்தைக் கணக்கில் போட வேண்டியதில்லை. அது சட்டப்படி அவரைக் கட்டுப்படுத்தும் உறுதிமொழி என்பதால், முகத்தாட்சணியத்தில் கேட்டு வாங்காமல் விவரம் சொல்லிக் கேளுங்கள். அப்படி யாரும் இல்லாதவர்கள், ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்காமல், கொழும்பிலும் வளைகுடாவிலும் இருக்கும் சொந்தங்களிடம் ஆளுக்கு ஒரு லட்சம் என்று கர்ழன் ஹஸனாவாக, திருப்பித் தரும் தேதியை எழுதி வாங்கலாம். மனையை விற்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

உதவித்தொகையில் முதலில் பார்க்க வேண்டியது எராஸ்மஸ் முண்டஸ். இதில் கடவுச்சீட்டு தடையில்லை. கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 ஈரோ, இரண்டாண்டு வரை. போட்டி கடுமை. விண்ணப்பம் பெரும்பாலும் அக்டோபரில் திறந்து ஜனவரி வாக்கில் மூடும். படித்து முடித்து இரண்டாண்டு வேலை பார்த்தவர்களுக்கு ஜெர்மனியின் டாட் அமைப்பு சில படிப்புகளுக்கு உதவி தருகிறது. ஜித்தாவில் உள்ள இஸ்லாமிய வளர்ச்சி வங்கியும் நம்மைப் போன்ற சிறுபான்மைச் சமுதாய மாணவர்களைக் கருத்தில் கொள்கிறது. வெளிநாட்டுப் படிப்புக் கடனின் வட்டியை ஒன்றிய அரசு ஏற்ற "படோ பர்தேஷ்" திட்டம் 2022-23-இல் நின்றுவிட்டது. இன்னும் அதைச் சொல்லிப் பணம் கேட்போரிடம் ஏமாற வேண்டாம். தமிழ்நாடு அரசு முஸ்லிம் மாணவர்கள் 10 பேருக்கு வெளிநாட்டில் முதுநிலை படிக்கத் தலா 36 லட்சம் ரூபாய் வரை தரும் திட்டத்தை அறிவித்தது. அடுத்த அறிவிப்பு எப்போது என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

மேலே சொன்ன தொகைகளும் தேதிகளும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கத்தில், ஐரோப்பியர் அல்லாதவருக்கான வரியை ஒரு முறை பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பார்க்கத் தெரியாதவர்கள் சனிக்கிழமைகளில் மஃரிபுக்குப் பின் நம் அலுவலகத்திற்கு வரலாம். அசல் சான்றிதழ்களையும் கடவுச்சீட்டையும் எடுத்து வாருங்கள். பெண் பிள்ளைகள் உம்மாவோடு வந்தால் நம் சகோதரிகள் உடனிருந்து பார்த்துத் தருவார்கள்.

அந்த வாப்பா மனை விற்பதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார். மகன் பிரேமனுக்கும் இரண்டு எராஸ்மஸ் படிப்புகளுக்கும் விண்ணப்பிக்க இருக்கிறார். அவருடைய கடவுச்சீட்டிலும் குடும்பப் பெயர்க் கட்டம் காலிதான். அதைத் திருத்தத் திருநெல்வேலி சேவை மையத்தில் வரும் புதன்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறார்.