பொருநைக் கரையில் தொக்கணம்

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும்வரை ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடும் தாமிரபரணியின் இரு கரைகளிலும் நடைபெறும் தொழில்களுள் பல, குனிந்த முதுகையும் தாழ்ந்த கழுத்தையும் கேட்பவை. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்களில் நாற்று நடும் பெண் வளைந்த இடுப்பை நிமிர்த்தாமலே வரப்புக்கு வரப்பு நகர்கிறாள். பத்தமடையில் கோரைப்பாய் நெய்பவர் தரையை ஒட்டி இழுத்துக் கட்டிய பாவின்மேல் அமர்ந்து கோரையை ஒவ்வொன்றாகக் கோக்கிறார். முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் வட்டாரங்களின் வீட்டுத் திண்ணைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். இவர்களுடைய கழுத்திலும் தோளிலும் இடுப்பிலும் நாள்பட உறையும் இறுக்கத்தை இவ்வட்டார மக்கள் பிடிப்பு என்றும் வாயுப்பிடிப்பு என்றும் சொல்கிறார்கள். அந்த இறுக்கத்தைக் கையால் இளக்கும் மருத்துவமுறைக்குச் சித்த மருத்துவம் தொக்கணம் என்று பெயரிட்டு, அதற்கென வகைகளையும் வரைமுறைகளையும் வகுத்திருக்கிறது.

இறுக்கம் எங்கே, எப்படி உண்டாகிறது என்பதை அறியப் பீடி சுற்றும் பெண்ணின் கழுத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஈரப்படுத்திய இலையைத் தகட்டின் அளவுக்குக் கத்தரித்து, அதில் தூளைப் பரப்பி, விரல்களால் உருட்டி, நுனியை மடக்கி நூலால் கட்டும் இந்த வேலையில் விரல்கள் மட்டுமே ஓயாமல் அசைகின்றன. கைகளைத் தாங்கும் தோளும், தட்டை நோக்கித் தாழ்ந்த தலையைத் தாங்கும் பிடரியும் மணிக்கணக்கில் அசைவற்று நிற்கின்றன. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதால், எழுந்து நிமிர்கிற ஒவ்வொரு நிமிடமும் வருமானத்தில் குறைவாகவே படுகிறது. மனிதத் தலையின் எடை 4½ முதல் 5 கிலோ வரை இருக்கும். நிமிர்ந்த உடலில் அந்த எடையை முதுகெலும்பு ஏற்றுக்கொள்கிறது; தலை முன்னே சாயச் சாய, அதை விழாமல் இழுத்துப் பிடிக்கும் பொறுப்பு பிடரித் தசைகளுக்கு மாறுகிறது. அசைவின்றிச் சுருங்கியே இருக்கும் தசையில் குருதியோட்டம் குறைகிறது. களைப்பும் வலியும் சேர்கின்றன. தசையின் சில இழைகள் ஓய்வு நேரத்திலும் தளராமல், தொட்டால் கயிறுபோல் விறைத்து நிற்கின்றன. அவ்விழைகளில் அழுத்தினால் வலிக்கும் சிறு புள்ளிகளைப் பொதுமக்கள் முடிச்சு என்கிறார்கள். இவற்றை விரிவாக வரைபடமிட்டவர் அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவராக இருந்த ஜேனட் டிராவல்; சைமன்ஸ் என்னும் மருத்துவருடன் அவர் எழுதிய கையேட்டின் முதல் தொகுதி 1983-இல் வெளிவந்தது. தோள்பட்டைத் தசையின் முடிச்சு நெற்றிப்பொட்டில் தலைவலியாகத் தெரியக்கூடும் என்பது அவர்கள் பதிவுசெய்தவற்றுள் ஒன்று. தலைவலி மாத்திரையை நாள்தோறும் விழுங்கும் ஒருவருக்கு வலியின் வேர் தோளில் இருக்கலாம் என்பதை இது உணர்த்துகிறது.

தசை தனித்து இயங்குவதில்லை. ஒவ்வொரு தசை இழையையும், இழைக்கட்டையும், முழுத்தசையையும் மெல்லிய உறைகள் சூழ்ந்திருக்கின்றன. கொலாஜன் என்னும் உறுதியான புரத நாராலான இந்த இணைப்புத் திசுவை உடற்கூறு நூல்கள் ஃபேசியா என்கின்றன, தமிழில் தசையுறை எனலாம். நெடுங்காலம் அறுவை மேசையில் வெட்டி ஒதுக்கப்படும் பொருளாகவே கருதப்பட்ட இத்திசுவில் நரம்பு முனைகள் செறிந்திருப்பது பிற்கால ஆய்வுகளில் தெளிவாயிற்று. தாமிரபரணிக் கரையில் வாழை வளர்க்கும் எவரும் இதன் அமைப்பை எளிதில் உணரலாம்: பச்சை வாழைமரத்தின் மட்டைகள் ஒன்றை ஒன்று சுற்றியிருந்தாலும் இடையிலுள்ள சாற்றால் வழுக்கிப் பிரிகின்றன; காய்ந்தபின் ஒட்டிக்கொண்டு, உரித்தால் நாராகவே வருகின்றன. தசையுறையின் அடுக்குகளுக்கு இடையே அந்தச் சாற்றின் வேலையைச் செய்வது ஹயலுரோனன் என்னும் வழவழப்பான பொருள். அசைவு குறைந்த இடத்தில் அது தடித்துப்போய் அடுக்குகளின் வழுக்கலைக் குறைக்கிறது என்பது இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தில் கார்லா ஸ்டெக்கோவும் அவருடைய குழுவினரும் முன்வைக்கும் விளக்கம்.

சித்த மருத்துவம் இதே துன்பத்தை வேறொரு கணக்கில் வைக்கிறது. உடலின் அசைவுக்கெல்லாம் பொறுப்பான வாதம் தன் அளவு மாறும்போது ஊனிலும் மூட்டிலும் வலி, விறைப்பு, மரமரப்பு தோன்றும் என்பது அதன் கொள்கை. யூகி முனிவர் பெயரில் வழங்கும் நூல் வாத நோய்களை 80 என வகுக்கிறது. அவற்றுள் கழுத்தையும் தோளையும் பற்றும் சகனவாதம், தோள்மூட்டை இறுக்கும் கும்பவாதம், இடுப்பைப் பற்றும் தண்டகவாதம் ஆகியவை இன்றைய கழுத்தெலும்புத் தேய்வு, தோள் இறுக்கம், இடுப்பெலும்புத் தேய்வு ஆகியவற்றோடு ஒப்பிடப்படுகின்றன. உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து 32, வெளியே செய்யும் மருத்துவம் 32 என்னும் பகுப்பில், கட்டு, பற்று, ஒற்றடம், வேது, பொட்டணம் ஆகியவற்றோடு தொக்கணமும் புற மருத்துவமாக இடம்பெறுகிறது.

பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கப்பட்ட அரசு சித்த மருத்துவக் கல்லூரி, வீட்டு முற்றத்திலும் ஆசான்களின் களரியிலும் வாழ்ந்த இத்தகைய கைத்திறன்களைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஏட்டில் இருந்த இலக்கணம் அங்கே நோயாளியின் படுக்கை அருகே சோதிக்கப்படுவதும், கற்கும் மாணவர் ஒரே நாளில் பலவகை முதுகுகளைத் தொட்டுப் பழகுவதும் இம்மருத்துவத்துக்குக் கிடைத்த பெரும்பேறு என்றே சொல்ல வேண்டும். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் எனத் தொக்கணம் ஒன்பது வகைப்படும். இப்பெயர்களைப் படிக்கும்போதே கையின் வேலை கண்முன் நிற்கிறது: தட்டல் மேல்தசையை எழுப்புகிறது, பிடித்தலும் இறுக்கலும் தசைத்திரளைக் கைக்குள் அள்ளுகின்றன, அழுத்தல் பெருவிரலின் எடையை ஆழத்துக்கு இறக்குகிறது, இழுத்தலும் அசைத்தலும் மூட்டைச் சூழ்ந்த திசுக்களுக்கு இடம்விடுகின்றன. எல்லா வகையையும் எல்லா நோயாளிக்கும் செய்வதில்லை; எது, எவ்வளவு, எத்தனை நாள் என்று முடிவெடுப்பதில்தான் மருத்துவம் அடங்கியிருக்கிறது.

சகனவாதத்துடன் வரும் ஒருவருக்குச் செய்யப்படும் முறையை உற்று நோக்கினால் இது விளங்கும். முதலில் தைலம் பொறுக்கும் சூட்டில் பிடரியிலும் தோளிலும் பூசப்படுகிறது; உளுந்துத் தைலம் போன்ற மென்மையானவையும், எட்டிக்கொட்டை சேரும் விடமுட்டித் தைலம் போன்ற கடுமையானவையும் நோயின் நிலைக்கேற்பத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. எட்டி நஞ்சுள்ளது என்பதால் பின்னது வாயில் படாமலும் புண்ணில் படாமலும் காக்கப்பட வேண்டியது. பிறகு உள்ளங்கை முழுவதும் படியுமாறு, மண்டையின் அடியிலிருந்து தோள்முனை நோக்கி மெதுவாக உருவப்படுகிறது. மேல்தசை இளகியதைக் கை உணர்ந்த பிறகே பெருவிரல் ஆழத்துக்கு இறங்குகிறது. விறைத்த இழையின்மேல் அது சற்று நிற்கிறது. அடியிலுள்ள தசை நெகிழ்ந்து கொடுக்கும்போது நகர்கிறது. நோயாளி மூச்சை அடக்கிக்கொண்டால் அழுத்தம் மிகுந்துவிட்டது என்று பொருள். இதன்பின் நொச்சி, தழுதாழை, வாதநாராயணன், ஆமணக்கு ஆகியவற்றின் இலைகளை வதக்கித் துணியில் முடிந்த பொட்டணத்தால் ஒற்றடம் கொடுப்பதும் உண்டு. வலிக்க வலிக்க அழுத்தினால்தான் பிடிப்பு விடும் என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. தேர்ந்த கை அவ்வாறு செய்வதில்லை.

கையின் அழுத்தம் உள்ளே செய்வது என்ன என்பதில் அறிவியல் தன் கருத்தைத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறது. உயிர்வேதியியல் கற்ற ஐடா ரோல்ஃப் என்னும் அமெரிக்கப் பெண்மணி, தசையுறையை அழுத்தி நீட்டி உடலின் நிற்கும் வாகையே மாற்றலாம் என்று 20-ஆம் நூற்றாண்டில் ஒரு முறையை உருவாக்கினார். ஆனால் 2008-இல் வெளியான ஒரு கணிதவழி ஆய்வு, தொடையின் பக்கவாட்டிலும் உள்ளங்காலிலும் உள்ள உறுதியான உறைகளை 1 சதவீதம் உருமாற்றுவதற்கே மனிதக் கையால் தரக்கூடியதைவிட மிகப் பெரிய விசை வேண்டும் என்று காட்டியது. அப்படியானால் கைக்கு அடியில் உண்மையாகவே உணரப்படும் இளக்கம் எங்கிருந்து வருகிறது? உறையிலும் தோலிலும் உள்ள நரம்பு முனைகள் மெதுவான அழுத்தத்தை மூளைக்கு அறிவிக்க, தசையை விறைப்பாக வைத்திருக்கும் கட்டளை தளர்வதும், வலி உணர்வு தற்காலிகமாகத் தணிவதும், சூட்டால் குருதியோட்டம் கூடுவதும் இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கங்கள். நாரைக் கிழிப்பதோ முடிச்சை உடைப்பதோ இதில் நிகழ்வதில்லை. ஆகவே ஆழம் என்பது முரட்டு வலிமையால் அடையப்படுவதன்று, பொறுமையால் அடையப்படுவது.

பயனைப் பற்றியும் மிகைப்படுத்தாமல் பேசுவதே நோயாளிக்குச் செய்யும் நன்மை. இடுப்புவலிக்கு உடல்நீவுதல் உதவுகிறதா என்பதை ஆராய்ந்த 25 சோதனைகளைக் காக்ரேன் அமைப்பு 2015-இல் தொகுத்து மதிப்பிட்டது. குறுகிய காலத்துக்கு வலி குறைவதாகவும், அந்தச் சான்றும் வலுவானதன்று என்றும், நீண்டகாலப் பயன் நிலைநாட்டப்படவில்லை என்றும் அது முடிவுசெய்தது. மருத்துவமனையில் சில நாள் தொக்கணம் பெற்றுத் திரும்பும் பெண் மீண்டும் அதே தட்டின் முன் அதே வளைவில் அமர்ந்தால் பிடிப்பும் மீளும் என்பதை இது நினைவூட்டுகிறது. வலி தணிந்த அந்தச் சில நாள்களைக் கழுத்தையும் தோளையும் வலுவூட்டும் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்வதில்தான் முழுப்பலன் இருக்கிறது.

மருத்துவமனைக்கு வெளியேயும் இக்கலை பல வடிவங்களில் வழங்குகிறது. சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருவோர் நல்லெண்ணெய் தேய்த்து உடல் முழுவதும் பிடித்துவிடச் செய்துகொண்டு அருவிக்குச் செல்வது நெடுநாளைய வழக்கம். அருவிநீர் மாசுபடுவதைக் கருதி எண்ணெய்க்கும் சோப்புக்கும் பின்னர் தடைகள் வந்தன. சுளுக்குக்குக் கால் முன்வந்து பிறந்தவரைத் தேடிச் சென்று உருவிக்கொள்ளும் நம்பிக்கை ஊர்ப்புறங்களில் இன்னும் இருக்கிறது. இவை பெரும்பாலும் தீங்கற்றவை. முடிதிருத்தும் கடைகளில் தலையைச் சட்டெனத் திருப்பிக் கழுத்தில் நெட்டி முறிக்கும் பழக்கத்தை மட்டும் அவ்வாறு விட்டுவிட முடியாது. கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே மூளைக்கு ஏறும் தமனி திடீர்த் திருப்பத்தில் கிழிந்து பக்கவாதம் உண்டான நேர்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. இப்பழக்கம் நிறுத்தப்பட வேண்டும்.

காய்ச்சல், எலும்பு முறிவு, புண், ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும், குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்ளும் நிலை, எலும்பு மெலிந்த முதுமை ஆகியவற்றில் மருத்துவரைக் கேட்காமல் உடலைப் பிடித்துவிடுதல் தகாது. இடுப்புவலியுடன் சிறுநீர் அடைத்துக்கொள்வதோ, தொடையிடுக்கு மரத்துப்போவதோ, கால் வலுவிழப்பதோ கண்டால் தைலத்தைத் தேடிக் காலம் கடத்தாமல் உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தொக்கணத்தின் தேவை மிகுந்தவர்கள் அதைப் பெறுவதற்கு நேரமற்றவர்களாக இருப்பது இப்பள்ளத்தாக்கின் நிலை. நகரங்களின் குளிரூட்டிய அறைகளில் அதே கைவேலை இன்பப் பொருளாக விலைபோகிறது. ஆயிரம் பீடிக்குக் கழுத்தைக் கொடுத்த பெண்ணோ வலிக்களிம்போடு நின்றுவிடுகிறாள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. ஆயினும் புறநோயாளர் வேளை பொதுவாகக் காலையோடு முடிகிறது, அவளுக்கோ அது இலை வெட்டும் வேளை. சுற்றிய பீடியைக் கடையில் ஒப்படைத்த பின்னரே அவள் கை ஓய்கிறது. பீடித் தொழில் செறிந்த ஊர்களில் மட்டுமாவது, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்களைக் கொண்டு, வாரத்தில் இரண்டு மாலைகளில் தொக்கணமும் கழுத்துப் பயிற்சியும் கிடைக்குமாறு நேரத்தை மாற்றியமைப்பதற்குப் புதிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ தேவைப்படாது. ஒரு மரப்பலகையும் சூடாக்கிய தைலமும் கற்றறிந்த இரண்டு கைகளும் போதும்.