பரிசோதனை உண்டு, முடிவின் பதிவு எங்கே?

புது தில்லி: புணே நகரின் வானவடி பகுதிக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, மராட்டியத் தளபதி மகாத்ஜி சிந்தியாவின் நினைவு மண்டபம். மற்றொன்று, 1948-இல் தொடங்கப்பட்ட ஆயுதப் படைகள் மருத்துவக் கல்லூரி. சிறிது தொலைவில் ஹடப்சரில், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எதிராக உள்நாட்டில் உருவான 'செர்வாவேக்' தடுப்பூசியைத் தயாரிக்கும் சீரம் இன்ஸ்டிடியூட் உள்ளது. இத்தடுப்பூசிக்கு 2022 ஜூலையில் அனுமதி கிடைத்தது.

தடுப்பூசியால் முழுப் பயன் பெறப்போவது இன்றைய சிறுமிகள். 30 வயதைக் கடந்துவிட்ட அவர்களுடைய தாய்மார்களைக் காக்கக்கூடியது பரிசோதனையும், அதன் முடிவை முறையாகப் பதிவு செய்து பின்தொடர்வதும்தான். இந்தப் பதிவுப் பணி குறித்து நாடாளுமன்ற விவாதங்களில் அரிதாகவே பேசப்படுகிறது.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-இல் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்கள் இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனை செய்ய வேண்டும் என 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் நெறிமுறை வகுத்தது. ஆனால், 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் ஒருமுறையேனும் பரிசோதித்துக் கொண்டவர்கள் 1.9 சதவீதம் மட்டுமே. தமிழகத்தில் இது 9.8 சதவீதம்.

"அசாதாரணம்' என்ற சொல் போதாது: 'பாப் ஸ்மியர்' பரிசோதனையில் மாறுபட்ட முடிவு வந்தாலே புற்றுநோய் என்று பொருளல்ல. உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் பத்தாம் பதிப்பில், செல் பரிசோதனையில் காணப்படும் மாறுபாட்டுக்கு 'ஆர் 87.6' என்பது குறியீடு. திசுப் பரிசோதனையில் செல் திரிபு உறுதியானால் 'என் 87'. புற்றுநோய் மேற்பரப்பிலேயே தங்கிய நிலை என்றால் 'டி 06'. பரவத் தொடங்கிய புற்றுநோய் என்றால் 'சி 53'. ஒவ்வொரு நிலைக்கும் சிகிச்சை வேறு, கால அவகாசமும் வேறு. பதிவேட்டில் வெறுமனே 'அசாதாரணம்' என்று எழுதினால், காத்திருக்கக்கூடியவர் யார், உடனடியாக 'கால்போஸ்கோப்பி' பரிசோதனைக்கு அனுப்பப்பட வேண்டியவர் யார் என்பது அடுத்த மருத்துவருக்குத் தெரியாது.

வானவடியில் வசிக்கும் ஒரு ராணுவ வீரரின் மனைவிக்கு இத்தகைய முடிவு வருவதாக வைத்துக்கொள்வோம். மறு மாதமே கணவருக்கு வெலிங்டனுக்கு மாற்றல். குறியீட்டுடன் கூடிய அறிக்கை கையில் இருந்தால் அங்குள்ள மருத்துவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இல்லையெனில் எல்லாம் முதலிலிருந்து. வேலை தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் கட்டடத் தொழிலாளர் குடும்பங்களின் நிலை இதைவிட மோசம்.

அமெரிக்காவுக்கு உழைக்கும் கரங்கள்: 2015 அக்டோபரில் அமெரிக்கா தனது விரிவான குறியீட்டுப் பட்டியலை நடைமுறைப்படுத்தியது. அதில் லேசான செல் மாறுபாட்டுக்கு ஆர் 87.612, தீவிர மாறுபாட்டுக்கு ஆர் 87.613, மாதிரி போதவில்லை என்றால் ஆர் 87.615 எனத் தனித்தனி எண்கள் உள்ளன. காப்பீட்டு நிறுவனம் பணம் தருவதற்கு இக்குறியீடு அவசியம். இப்பணியைச் சென்னையிலும் புணேயிலும் அமர்ந்து செய்பவர்கள் நம் பட்டதாரி இளைஞர்கள். அயல்நாட்டுப் பெண்ணின் அறிக்கையை இத்தனை நுணுக்கமாக வகைப்படுத்தத் தெரிந்த நாட்டில், சொந்தச் சகோதரியின் அறிக்கை ஏன் பதிவேட்டின் ஒரு வரியோடு முடிகிறது என்பதே கேள்வி.

பதிவின் பயனை உலகுக்குக் காட்டியதும் இந்தியாதான். திண்டுக்கல் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவிப் பரிசோதித்ததன் மூலம் இந்நோய் மரணங்கள் 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் ஆய்வு முடிவு வெளியானது. தாராசிவ் எனத் தற்போது அழைக்கப்படும் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாதில் சுமார் 1.31 லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வில், ஒரேயொரு எச்.பி.வி. பரிசோதனை மரணங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது 2009-இல் தெரியவந்தது. ஒவ்வொரு பெண்ணின் முடிவும் சிகிச்சையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடரப்பட்டதாலேயே இதனைக் கணக்கிட முடிந்தது.

நாடாளுமன்றம் கண்ட பாடம்: பதிவில் நேரும் அலட்சியத்தின் விலையை நாடாளுமன்றம் ஏற்கெனவே கண்டுள்ளது. ஆந்திரத்திலும் குஜராத்திலும் 2009-இல் தொடங்கிய எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம், மறு ஆண்டே நிறுத்தப்பட்டது. ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்திட்டிருந்ததை சுகாதாரத் துறை நிலைக்குழு 2013 ஆகஸ்ட் அறிக்கையில் கடுமையாகச் சாடியது.

எத்தனை பெண்களுக்குப் பரிசோதனை நடந்தது என்ற ஒரே எண்ணிக்கையோடு உறுப்பினர்கள் திருப்தி அடையக் கூடாது. மாறுபட்ட முடிவு வந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் அடுத்த கட்டப் பரிசோதனைக்குச் சென்றவர்கள் எத்தனை பேர்? சிகிச்சை முடித்தவர்கள் எத்தனை பேர்? 2030-க்குள் 70 சதவீதப் பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டறியப்பட்டோரில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை என்பது உலக சுகாதார அமைப்பின் இலக்கு. இந்த மூன்று கேள்விகளுக்கும் மாவட்ட வாரியாகப் பதில் கிடைத்தால்தான், அந்த இலக்கிலிருந்து நாம் எவ்வளவு தொலைவில் நிற்கிறோம் என்பதாவது தெரியவரும்.