தேகம் தளரும் காலத்துப் பணிவிடை

முதியோர் இல்லத்தில் வசிப்பவரின் தேகம் க்ஷீணிப்பது எப்போதும் ஜுரம், வலி என்ற ஆர்ப்பாட்டத்துடன் வருவதில்லை. நேற்றுவரை கஞ்சியை ருசித்துக் குடித்தவர் இன்று பாதியில் கரண்டியை வைத்துவிடுவதும், நன்கு பழகிய செவிலியை அடையாளம் தெரியாமல் விழிப்பதுமே, மூத்திரப் பையிலோ நுரையீரலிலோ கிருமி புகுந்ததற்கு முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். தினந்தோறும் அதே முகத்தைப் பார்த்துவரும் செவிலியின் கண் சில சமயம் உஷ்ணமானியைவிடக் கூர்மையானது.

இந்தக் கவனிப்பை ஊகமாக விடாமல் சாஸ்திரமாக்க முயன்றவர்களில் இங்கிலாந்தின் டோரீன் நார்ட்டன் என்ற செவிலி முக்கியமானவர். முதியோர் மருத்துவமனைகளில் நடத்தி 1962-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் சக்தி, மலஜலத்தை அடக்கும் சக்தி ஆகிய ஐந்துக்கும் தலா 1 முதல் 4 வரை மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை 14-க்கு மேற்படாவிட்டால் படுக்கைப்புண் வரும் அபாயமுண்டு என்று கணக்கிட்டார். அக்காலத்தில் பூசிவந்த களிம்புகளைவிட, நோயாளியை அடிக்கடி புரட்டிப் படுக்கவைப்பதே பலன் தந்தது என்பதும் அதில் புலனாயிற்று. (களிம்பு வியாபாரிகளுக்கு இது உவப்பாக இருந்திராது!)

மரணம் நெருங்கிப் பசியும் தாகமும் தாமே அடங்கும்போது பணி மாறுகிறது: உணவை வற்புறுத்தாமல், வறண்ட உதடுகளை ஈரப்பஞ்சால் நனைத்து, கையைப் பிடித்துக்கொண்டு அருகில் உட்கார்ந்திருப்பது.