பால் மறக்கும் வாரங்கள்

தாய்ப்பால் குடிக்கும் குழந்தையை அப்பழக்கத்திலிருந்து விலக்குவதைத் தமிழ் வழக்கு ‘பால் மறக்கடித்தல்’ என்கிறது. வேப்பெண்ணெய் தடவியாவது மறக்கச் செய்ய வேண்டிய ஒன்று அங்கே இருக்கிறது என்ற எண்ணம் அச்சொல்லுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. தாயை இழந்து மனிதர் கைக்கு வந்து சேர்ந்த பூனைக்குட்டிக்கு இச்சொல் பாதிதான் பொருந்தும். மூன்றாம் வாரக் கடைசிக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையில் அக்குட்டி பாலை மறப்பதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. நக்கவும் கடிக்கவும் மெல்லவும், எதை உணவென்று கொள்வது என அறியவும், சொல்லித்தரத் தாய் இல்லாமலே அது பழக வேண்டியிருப்பதுதான் சிரமம்.

தாயோடு வளரும் குட்டிகளுக்கு இப்பாடம் தானாகவே நடந்துவிடுகிறது. ஏறத்தாழ நான்காம் வாரத்திலிருந்து தாய்ப்பூனை மடியை மறைத்துக் குப்புறப் படுக்கத் தொடங்குகிறது, முட்டி வரும் குட்டிகளை விட்டு எழுந்து போய்விடுகிறது, வேட்டையாடும் பூனையானால் முதலில் செத்த இரையையும் பின்னர் உயிருள்ள இரையையும் கொண்டுவந்து குட்டிகளின் முன் போடுகிறது. அது தின்பதைப் பார்த்துத்தான் குட்டிகள் தின்னப் பழகுகின்றன. இந்தப் பார்த்துப் பழகும் தன்மை எவ்வளவு ஆழமானது என்பதை வாண்டா விர்விக்கா என்னும் ஆய்வாளர் 1978-இல் வெளியான ஓர் ஆய்வில் காட்டினார்: வாழைப்பழம் தின்னப் பழக்கப்படுத்தப்பட்ட தாய்ப்பூனைகளின் குட்டிகள், இறைச்சி பக்கத்திலேயே இருந்தபோதும், தாயைப் பின்பற்றி வாழைப்பழத்தைத் தின்றன. புலாலுண்ணி இனத்தில் பிறந்த குட்டிக்கே எது உணவு என்பது கண்ணால் கண்டு கொள்ளும் பாடமாக இருக்குமானால், அனாதைக் குட்டியின் முன் வைக்கப்படும் தட்டு தொடக்கத்தில் அதற்கு ஒரு பொருளும் தராத வெறும் ஈரப்பரப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பூனையையும் பாலையும் இணைத்தே நினைக்கும் வழக்கம் தமிழில் வேரோடியது. தம்மைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகச் சொல்லிக்கொண்ட கம்பர் முதல், பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன் என்ற பழமொழி வரை அது நீள்கிறது. ஆயினும் குட்டிக்கு உகந்த பால் பசும்பால் அன்று. பூனைப்பாலில் பசும்பாலைப் போல் ஏறக்குறைய இருமடங்கு புரதம் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் பசும்பால் நீர்த்தது என்பதால், தேவையான சத்தைப் பெற அதிகம் குடிக்க வேண்டிவரும் குட்டியின் குடலில் லாக்டோஸ் எனப்படும் பால்சர்க்கரையும் அதிகமாகச் சேர்ந்து வயிற்றுப்போக்கைக் கொண்டுவருகிறது. போதாக்குறைக்கு, லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் என்னும் நொதி பால் மறக்கும் பருவத்தில் குறையத் தொடங்குகிறது. ஆகவே குட்டிப்பூனைகளுக்கென்றே விற்கப்படும் மாற்றுப்பால் தூள்தான் இக்காலத்துக்கு ஏற்றது. சிலர் பரிவோடு பாலில் சர்க்கரையும் கலக்கிறார்கள். இனிப்பை உணரும் மரபணு பூனையினத்தில் செயலற்றுப் போய்விட்டதென 2005-இல் நிறுவப்பட்டுவிட்டபடியால், அந்தப் பரிவு குட்டியின் நாக்குக்குத் தெரியாமலே போய்விடும்.

பாலைப் புகட்டும் முறையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கைக்குழந்தைக்குப் பாலாடையில் அல்லது சங்கில் புகட்டுவது போலக் குட்டியை மல்லாத்திப் பிடித்து வாயில் ஊற்றினால் பால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மனிதருக்குப் புரையேறினால் இருமலோடு தீர்ந்துவிடக்கூடியது, சில நூறு கிராம் எடையுள்ள உயிருக்கு நிமோனியாவாக முடியலாம். தாயின் மடியில் கிடப்பதைப் போலக் குப்புற இருத்தி, தலையைச் சற்றே நிமிர்த்தி, ரப்பர் காம்பு பொருத்திய சிறு புட்டியிலிருந்து அது தானாக உறிஞ்சும்படி விடுவதே முறை. உடல் சில்லிட்டிருக்கும் குட்டிக்கு எந்த உணவும் தரலாகாது. குளிர்ந்த உடலில் குடலசைவு நின்றுவிடுவதால், முதலில் சூடு, பிறகே பால்.

திட உணவைத் தொடங்கும் நாளை நாட்காட்டி சொல்லாது, பல் சொல்லும். தெருவில் கண்டெடுத்த குட்டியின் பிறந்தநாள் யாருக்கும் தெரியாது. ஆனால் மொத்தம் 26 ஆன பால்பற்களில் முன்பற்கள் இரண்டு மூன்று வாரங்களிலும், கோரைப்பற்கள் மூன்று நான்கு வாரங்களிலும், கன்னப்பற்கள் அதற்குப் பின்னும் முளைக்கின்றன. கோரைப்பல்லின் கூர் ஈற்றைக் கிழித்து வெளிவந்து, உறிஞ்ச வேண்டிய ரப்பர் காம்பைக் குட்டி பக்கவாட்டில் தள்ளிக் கடித்துக் குதறத் தொடங்கும்போது காலம் கனிந்துவிட்டதென்று கொள்ளலாம். பிறக்கும்போது 100 கிராம் அளவில் இருக்கும் குட்டி, நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏறி, இக்கட்டத்தில் 400 கிராமைத் தாண்டியிருப்பது இயல்பு. இதற்கு முன்பே அவசரப்பட்டுத் தட்டை நீட்டுவோர்தாம் அதிகம். ஒரு வாரம் தாமதித்ததால் கெட்ட குட்டியைவிட ஒரு வாரம் முந்தியதால் மெலிந்த குட்டியே மிகுதி என்று கருத இடமுண்டு.

உறிஞ்சுவதும் நக்குவதும் வெவ்வேறு வித்தைகள். உறிஞ்சும்போது உதடுகள் மூடிக்கொள்ள, நாக்கு குழிந்து காம்பைச் சுற்றிக்கொள்கிறது. நக்கும்போது வாய் திறந்தே இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவால் படம்பிடித்து 2010-இல் விளக்கியபடி, நாக்கின் நுனி பின்னோக்கி வளைந்து பாலின் மேற்பரப்பை மட்டும் தொட்டு விருட்டென மேலெழ, அதோடு ஒட்டி எழும் மெல்லிய பால்தாரை சரிந்து விழுமுன் வாய் மூடி அதைப் பிடித்துக்கொள்கிறது. வளர்ந்த பூனை இதை நொடிக்கு ஏறக்குறைய 4 முறை செய்கிறது. குட்டிக்கு அது ஒரே நாளில் கைவருவதில்லை. முதல் தட்டின் முன் நிற்கும் குட்டி கூழை மோந்து பார்க்கும் முயற்சியில் மூக்கை உள்ளே அமிழ்த்தித் தும்முகிறது, பின்வாங்குகிறது, மறுபடி வந்து தட்டின் விளிம்பைச் சப்புகிறது, முன்னங்கால் இரண்டையும் உணவுக்குள் வைத்து நின்றுகொண்டு எங்கிருந்து வாசனை வருகிறதென்று தேடுகிறது. கடைசியில் கால்விரல்களை நக்கும்போதுதான் உணவின் சுவையை முதன்முதலாகக் காண்கிறது. வயிற்றுக்குள் போவதைவிட மார்பிலும் மீசையிலும் அப்பிக்கொள்வதே அதிகம் என்பதால், தாயின் நாக்கு செய்யும் வேலையை வெதுவெதுப்பான ஈரத்துணி செய்ய வேண்டும். ஈரம் காயாமல் விட்டால் குட்டி குளிர்ந்துவிடும், மூக்கில் உணவு காய்ந்து அடைத்தால் வாசனை தெரியாமல் தின்பதையே நிறுத்திவிடும்.

முதல் உணவு கஞ்சிக்கும் கூழுக்கும் இடைப்பட்ட பதத்தில் இருப்பது நல்லது. குட்டிகளுக்கான ஈர உணவை, அதாவது பவுச்சிலோ டின்னிலோ வரும் மசித்த இறைச்சியை, குட்டி ஏற்கெனவே அறிந்த அதே மாற்றுப்பாலில் கட்டியின்றிக் கரைத்து, மணிக்கட்டில் வைத்தால் சூடும் குளிர்ச்சியும் தெரியாத அளவுக்கு வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால், பழகிய வாசனை புதிய உணவுக்கு வழிகாட்டும். விரல்நுனியில் தொட்டு உதட்டில் தடவுவது, பின் விரலைத் தட்டை நோக்கித் தாழ்த்திக்கொண்டே போவது என்பதே தாயில்லாக் குட்டிக்கான பாடமுறை; தலையைப் பிடித்துத் தட்டுக்குள் அமுக்குவது பாடத்தையே வெறுக்கச் செய்யும். தட்டு வந்துவிட்டதென்று புட்டியை நிறுத்திவிடவும் கூடாது. நூறு கிராம் எடைக்கு ஒரு வேளையில் 4 மில்லியளவே வசதியாகக் கொள்ளும் வயிறாகையால், 400 கிராம் குட்டி தட்டில் தின்றது போக எஞ்சிய பசிக்கு 16 மில்லிக்குள் புட்டிப்பால் போதும். நாளுக்கு நான்கைந்து வேளையாகக் கொடுத்து, பாலைக் குறைத்துக் கூழைக் கெட்டியாக்கிக்கொண்டே வந்தால், ஆறாம் வாரத்தில் வெந்நீரில் ஊறி மெத்தென்றான உலர் உணவு உருண்டைகளையும் அது மெல்லத் தொடங்கிவிடும்.

தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் நம் ஊர் வீடுகளின் நல்லெண்ணம் பெரும்பாலும் வழிதவறுகிறது. பால்சோறும் தயிர்சோறும் வயிற்றை நிரப்பும், பூனையை வளர்க்காது. டாரின் என்பது இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஓர் அமினோ அமிலம். பூனையின் உடல் அதைத் தன் தேவைக்குப் போதுமான அளவில் உண்டாக்கிக்கொள்வதில்லை. அது குறைந்தால் விழித்திரை சிதைகிறது என்பது 1975-இலும், இதயத்தசை தளர்ந்து விரிகிறது என்பது 1987-இலும் வெளிப்பட்டன; இரண்டாவது செய்தி வந்த பிறகு பூனை உணவு நிறுவனங்களே தம் தயாரிப்புகளில் டாரினின் அளவை உயர்த்த நேர்ந்தது. இறைச்சியை வேகவைத்தால் டாரின் நீரில் இறங்கிவிடுவதால், கோழியை வேகவைத்து நீரைக் கொட்டிவிடுவோர் சத்தையும் சேர்த்தே கொட்டுகிறார்கள். வெறும் கோழிக்கறியே போதும் என்று நினைப்பதும் பிழை: இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுந்து கால்சியம் மிகக் குறைந்திருப்பதால், உடல் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துச் செலவிட, துள்ளிக் குதிக்கும் வயதில் குட்டியின் கால் முறிந்துபோகிறது. சிலவகைப் பச்சை மீன்களில் உள்ள தயமினேஸ் என்னும் நொதி வைட்டமின் பி1-ஐ அழிக்கிறது. அவித்தால் அந்த நொதி செயலிழக்கும், ஆனால் முள் அப்படியே இருக்கும். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை என்பதால் குழம்பு ஊற்றிய சோறு அறவே ஆகாது. ஆகவே அவித்த கோழியை அதன் நீரோடு உப்பு, மசாலா இன்றி அரைத்துக் கொடுப்பது கடை திறக்கும் வரையிலான ஓரிரு வேளைக்குச் சரி. அன்றாட உணவு, வளரும் குட்டிகளுக்கான முழுமையான உணவென்று உறையில் குறிப்பிட்டதாக இருப்பதே பாதுகாப்பு.

இவ்வாரங்களில் சமையலறைத் தராசைவிட நம்பகமான கருவி வேறில்லை. நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதிவைத்தால், புதிய உணவு தொடங்கிய ஓரிரு நாளில் ஏற்றம் சற்றே தேங்குவதையும், தொடர்ந்து இறங்குவதையும் பிரித்தறியலாம்; முன்னது பொறுக்கத்தக்கது, பின்னது மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியது. மஞ்சளாகக் குழைந்திருந்த மலம் பழுப்பாகிக் கெட்டிப்பட்டு நாற்றமெடுப்பதும் இயல்பே. அது இளகினால் ஓர் அடி பின்வாங்கிக் கூழை மீண்டும் நீர்ப்பதம் ஆக்கலாம். தண்ணீராகப் போனால் சிற்றுடலின் நீர் சில மணி நேரத்தில் வற்றிவிடும், காத்திருக்கலாகாது. உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே தொற்றக்கூடியதாகையால், சில நாளேனும் தாய்ப்பால் குடித்த குட்டிக்குப் பூச்சிமருந்து எப்போது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது. தட்டு வந்த நாளிலேயே ஆழமில்லாத கிண்ணத்தில் தண்ணீரும், சற்றுத் தள்ளி மணல் பரப்பிய தட்டமும் வர வேண்டும்.

எட்டாம் வாரத்தை ஒட்டி, ஒரு கிலோவை நெருங்கும் குட்டி தட்டைத் தானே காலி செய்யும்போதும் உறிஞ்சும் விருப்பம் உடனே போய்விடுவதில்லை. தாயில்லாமல் வளர்ந்த குட்டிகள் ஒன்றன் உடலை மற்றொன்று சப்பித் தோலைப் புண்ணாக்குவதுண்டு. அப்போது உணவு முடிந்த நேரத்தில் மட்டும் அவற்றைத் தனித்தனியே வைத்தால் போதும். ஒற்றைக் குட்டியோ வயிறு நிறையத் தின்றபின் போர்வையின் ஓரத்தைத் தேடிப் போய், முன்னங்கால்களால் மாவு பிசைவதுபோல் பிசைந்துகொண்டே அதைச் சப்பி நனைத்துவிட்டு, வாயிலிருந்து துணி நழுவுவதுகூடத் தெரியாமல் உறங்கிப்போகிறது.