ஒரே சாலையில் இரண்டு பர்மா

பழைய மாமல்லபுரம் சாலையில் பெருங்குடியைத் தாண்டும் பஸ்ஸில் இருப்பவர்களுக்கு 'பர்மா காலனி' என்பது முகவரியில் வரும் ஒரு பெயர். அவ்வளவுதான். சுற்றிலும் மென்பொருள் நிறுவனங்கள், ஆண்கள் பெண்கள் விடுதிகள், முன்பணம் பத்து மாதம் கேட்கும் வாடகை வீடுகள். இதே சாலையில் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் கேளம்பாக்கம். அங்கேயும் பர்மாவிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். 2012-ல் ராக்கைன் மாநிலத்தில் வெடித்த கலவரத்துக்குப் பிறகு தப்பி வந்த ரோஹிங்கியா குடும்பங்கள், மொத்தம் நூறு பேருக்குள்தான். புயல் காலத்தில் மக்களைத் தங்கவைக்கக் கட்டிய அரசுக் கட்டடத்தில் அவர்களைக் குடியமர்த்தினார்கள். ஆண்களில் பலருக்குப் பழைய பொருள் பொறுக்குவதே பிழைப்பு.

புறப்பட்ட நாடு ஒன்று, வந்து சேர்ந்த சாலையும் ஒன்று. நடுவில் அரை நூற்றாண்டு. முதலில் வந்து பெருங்குடியில் குடியேறிய தமிழர்களின் பேரப்பிள்ளைகளைத் தனியாக அடையாளம் காண முடியாது, அவர்கள் சென்னைக்காரர்கள். பின்னால் வந்தவர்கள் ஐ.நா. அகதிகள் ஆணையம் கொடுத்த அட்டையைத்தான் இன்னமும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஏன் இப்படி என்று டீக்கடையில் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "அவங்க உழைப்பாளிங்க சார், எங்க போனாலும் பொழைச்சுக்குவாங்க." வந்தேறிய சமூகங்களின் முன்னேற்றத்தைப் பற்றிப் பேசும்போது உலகம் முழுவதும் முதலில் வரும் பதிலும் இதுதான். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

அமெரிக்காவில் குடியேறிய லாவோஸ்காரர்களையும் சூடான்காரர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே கணக்கு உதைக்கும். 1975-ல் லாவோஸில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்ததும் தாய்லாந்து முகாம்கள் வழியாக அமெரிக்கா போனவர்களில் பெரும்பாலோர் கிராமத்து விவசாயிகள். கல்லூரிப் பக்கம் போனவர்கள் குறைவு. சூடான்காரர்களிலோ பட்டதாரிகள் அதிகம். ஆனாலும் குடும்ப வருமானத்தில் லாவோஸ்காரர்களே மேலே இருக்கிறார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்து நெடுங்காலம் ஆகிறது. ஒரே வீட்டில் ஒருவருக்கு மேல் சம்பாதிக்கிறார்கள். அகதிகளாக வந்தவுடனேயே வேலை செய்யும் உரிமையும், சில ஆண்டுகளில் குடியுரிமைக்கான வழியும் கிடைத்தன. சூடானிலிருந்து பெருவாரியாகப் போனது 1990-களிலிருந்துதான். கார்ட்டூமில் வாங்கிய பட்டம் அங்கே உடனே செல்லுபடியாவதில்லை. பொறியாளர் டாக்ஸி ஓட்டுகிறார். படிப்பையும் உழைப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு இதை விளக்க முடியாது.

நம் ஊருக்கு வருவோம். 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் பர்மாவின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டு வங்கிகள் அரசுடைமையாயின. 1964-ல் மளிகைக் கடை, துணிக்கடை வரை அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. இந்தியர்கள் கப்பல் ஏறினார்கள். சேர்த்த பணமும் நகையும் ரங்கூன் துறைமுகத்தோடு நின்றுவிட்டன. அப்படித் தமிழ்நாடு வந்தவர்கள் சுமார் 1.44 லட்சம் பேர்.

கையில் காசில்லாமல் வந்தார்கள் என்பது உண்மை. வெறுங்கையோடு வந்தார்கள் என்பது அத்தனை உண்மையில்லை. ரங்கூன் பெருநகரம். அங்கே கடை வைத்தவர்கள், கணக்கு எழுதியவர்கள், தையல்காரர்கள், கொத்தனார்கள், துறைமுகத் தொழிலாளர்கள் எல்லோரும் அந்தக் கப்பல்களில் இருந்தார்கள். வாங்கி விற்பது எப்படி, கடன் சொல்வது எப்படி, நாலு மொழியில் பேரம் பேசுவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும். 1969-ல் பீச் ஸ்டேஷனை ஒட்டி, துறைமுகத்தின் வாசலில், பர்மா பஜார் வந்தது. வெளிநாட்டுச் சரக்கு இறக்குமதிக்கு ஆயிரம் தடை இருந்த காலம் அது. ஜப்பான் கடிகாரம், டேப் ரிக்கார்டர், சென்ட் பாட்டில் என்று கப்பல்காரர்கள் கொண்டுவந்ததெல்லாம் அங்கே கிடைத்தது. சட்டத்தின் ஓரத்தில் நடந்த வியாபாரம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வாங்கப் போனவர்களில் சட்டம் படித்தவர்களும் இருந்தார்கள். சந்தை, இடம், காலம், தெரிந்த தொழில் நான்கும் ஒரு புள்ளியில் கூடின.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பஜாரில் இருந்தவை சில நூறு கடைகள். வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றே குறைவு. வியாசர்பாடிக் குடியிருப்புகளில் தங்கி மூட்டை தூக்கியவர்களும், திரும்ப பர்மாவுக்கே போகலாம் என்று மணிப்பூர் வரை போய் எல்லையில் தடுக்கப்பட்டு மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டவர்களும் இதே கப்பல்களில் வந்தவர்கள்தான். 'பர்மாக்காரர் கெட்டிக்காரர்' என்ற பேச்சு பஜாரைப் பார்த்து எழுந்தது. வியாசர்பாடியைப் பார்த்து எழுந்ததல்ல.

இதே பத்தாண்டில் இந்திய அரசு வேறொரு கூட்டத்தையும் வரவேற்றது. 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத் தமிழர்களில் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, அங்கிருந்து ஊர் ஊராகப் போனார்கள். 1984-ல் கப்பல் நிற்கும்வரை, இடையில் பிறந்த குழந்தைகளையும் சேர்த்தால் சுமார் நான்கரை லட்சம் பேர். பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு இருந்த அதே குடியுரிமை இவர்களுக்கும் இருந்தது. மறுவாழ்வு உதவியும் இருந்தது. இரு தரப்பாருக்காகவும் மத்திய அரசு 1969-ல் ஒரு கூட்டுறவு வங்கியே தொடங்கியது. அதுதான் ரெப்கோ வங்கி. இன்று வட்டி நன்றாக இருக்கிறதே என்று வைப்புத்தொகை போடும் ஓய்வூதியர்களில் எத்தனை பேருக்கு அதன் பூர்வீகம் தெரியும் என்று தெரியவில்லை.

இத்தனை இருந்தும் மலையகத்தார் பலர் சறுக்கினார்கள். காரணம் அவர்கள் கையில் இருந்த குடும்ப அட்டையிலேயே இருந்தது. எந்த மாவட்டத்துக்குப் போக வேண்டும், அங்கே என்ன உதவி கிடைக்கும் என்பதைக் கண்டியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெரும்பாலான அட்டைகளில் இருந்தது 'வியாபாரக் கடன்', 5,000 ரூபாய் வரை. மூன்று நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் அவர்கள். விடிந்தால் ஆள் எண்ணும் பிரட்டு, பொழுது சாய்ந்தால் லயம் என்னும் வரிசை வீடு, அரிசியும் மாவும் தோட்டத்துக் கணக்கில். கடை வைத்துப் பழக்கமில்லை. தாத்தாவின் தாத்தா புறப்பட்ட திருச்சி, புதுக்கோட்டைக் கிராமங்களில் அவர்களைத் தெரிந்தவர்களும் இல்லை. அங்கே போய் பெட்டிக்கடை வை என்றது அரசாங்கம். கடன் தவணை தவணையாக வந்தது. வாங்கித் தருகிறேன் என்று வந்த தரகர்கள் பாதியை விழுங்கினார்கள். மீந்ததைத் தின்று தீர்த்துவிட்டு, ஒரு தேயிலைச் செடியாவது கண்ணில் பட்டால் போதும் என்று நீலகிரிக்கு ஏறினார்கள். சிலர் கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர்களிடம் கொத்தடிமையாகவும் சிக்கினார்கள்.

தெரிந்த வேலையில் அமர்த்தப்பட்டவர்கள் நிலை வேறு. அவர்களுக்காகவே 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் பின்னர் டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. அங்கே கூலி குறைவு, ஆனால் மாதாமாதம் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். (அந்த டான்டீயே பின்னாளில் நஷ்டத்தில் தள்ளாடியது, 2022-ல் அதன் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பித் தர அரசு முடிவெடுத்தபோது, ஓய்வுபெற்ற தொழிலாளிகள் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்று கேட்டார்கள்.)

ஆக, ஒரே இனம், ஒரே மொழி, ஒரே குடியுரிமை இருந்தும் இரண்டு விதமான விளைவு. கடைக்காரனுக்குக் கடை கொடுத்தார்கள், பிழைத்தான். தோட்டத் தொழிலாளிக்கும் கடை கொடுத்தார்கள், முழுகினான்.

மூன்றாவது கூட்டம் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வரத் தொடங்கியது. ஈழத்து அகதிகள், 2010 வரை நான்கு கட்டமாக மூன்று லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பிப் போனார்கள், பலர் மேற்கே பறந்தார்கள். 2021-ல் தமிழக அரசு சொன்ன கணக்குப்படி முகாம்களில் சுமார் 58,800 பேரும், காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியே வாடகை வீடுகளில் சுமார் 34,000 பேரும் இருந்தார்கள். வெளியே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் டொராண்டோவிலோ லண்டனிலோ ஒரு அண்ணனோ அக்காவோ உண்டு. சென்னையின் புறநகரில் வாடகை அங்கிருந்து வரும் பணத்தில் போகிறது. முகாமில் இருப்பவருக்கு அப்படி யாரும் இல்லை. இருந்திருந்தால் முகாமில் இருந்திருக்க மாட்டார். ஒரே ஊரிலிருந்து ஒரே படகில் வந்த இருவரின் பொருளாதாரத்தை இங்கே பிரித்தது உறவுக்காரரின் விலாசம்.

முகாம் ஆண்களின் தொழில் பெயிண்டிங். தமிழ்நாட்டில் எந்த முகாமில் விசாரித்தாலும் இதே பதில்தான் வரும். தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று அடுக்குமாடிகள் எழும்பும் பக்கமெல்லாம் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. பழைய சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, அதற்குமேல் இரண்டு கோட்டு. சாரத்தில் நின்றபடி வெளிச்சுவர் அடிப்பவருக்குக் கூலி கொஞ்சம் கூட. ஏன் எல்லோரும் இதற்கே போனார்கள்? இந்த வேலைக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. கூட்டமாகப் போகலாம், முடித்ததும் கைமேல் கூலி. அதைவிட முக்கியமாக, முகாமில் தணிக்கை நடக்கும் நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பெயர் விடுபடும், அரசு மாதாமாதம் தரும் பணக்கொடை நிற்கும். மாதச் சம்பள வேலையில் அந்த லீவை யார் தருவார்? பொறியியல் படித்து முடித்த முகாம் பிள்ளைகளும் தூரிகை பிடித்த கதை இதனால்தான். அவர்கள் பட்டத்தைப் பார்த்த நிறுவனங்கள் அடுத்ததாகக் குடியுரிமையைப் பார்த்தன.

கூலி மோசமில்லை. கெட்டிக்காரப் பெயிண்டர் ஒருவர் கடைநிலை அலுவலக ஊழியரைவிட அதிகம் சம்பாதிப்பார். ஆனால் சென்னையின் தெற்குப் புறநகரில் யாரும் கூலியால் பணக்காரர் ஆகவில்லை. நிலத்தால் ஆனார்கள். மேடவாக்கத்தில், சோழிங்கநல்லூரில், 2021-ல் மாநகராட்சியான தாம்பரத்தில், முப்பது நாற்பது வருடத்துக்கு முன் ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்ட குமாஸ்தாவின் குடும்பம் இன்று இருக்கும் இடத்தை யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் பெயிண்டரைவிட அதிகம் உழைத்தவரல்லர். பத்திரத்தில் கையெழுத்துப் போட முடிந்தவர், அவ்வளவே. இலங்கைக் குடிமகன் ஒருவர் இந்தியாவில் நிலமோ வீடோ வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். அது இல்லாமல் முடிவது ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகை மட்டுமே. நாற்பது வருடமாக மற்றவர்களின் வீட்டுக்கு வர்ணம் அடித்தவர் அந்தப் புறநகரில் முக்கால் சென்ட் இடம்கூட வாங்கவில்லை என்றால், அதைச் சிக்கனக் குறைவு என்று சொல்வது அநியாயம். பெருங்குடியில் வீட்டுமனையோடு காலூன்றிய பர்மாத் தமிழருக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் அடங்கியிருக்கிறது. காலனிக்குப் பக்கத்தில் ஐ.டி. நிறுவனங்கள் வரும் என்று யாரும் ஜோசியம் பார்த்து வைக்கவில்லை. வந்தபோது மண் அவர்கள் பெயரில் இருந்தது.

ரோஹிங்கியாக்களிடம் இந்த வரிசையில் ஒன்றுமே இல்லை. 1982-ன் குடியுரிமைச் சட்டம் அவர்களைச் சொந்த நாட்டிலேயே நாடற்றவர்களாக்கியது. இந்தியா 1951-ன் அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. மத்திய அரசின் பார்வையில் அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள். ஈழ அகதிகளுக்கு ஆதார் உண்டு, பணக்கொடை உண்டு. குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைக்கு 500 என்று 2021-ல் உயர்த்தினார்கள். 7,469 புதிய வீடுகளும் அறிவித்தார்கள். மொழி ஒன்று என்பதால் அவர்களுக்காகச் சட்டமன்றத்தில் பேச ஆளுண்டு. கேளம்பாக்கத்துக்காரர்களுக்கு வெளிநாட்டு அண்ணனும் இல்லை, உள்ளூர் எம்.எல்.ஏ.வும் இல்லை. காயலான் கடைக்கு எடைபோடப் போகும் பெட் பாட்டிலும் அட்டையும் இரும்பும் யார் பெயரில் என்று எவரும் கேட்பதில்லை என்பதால் அந்தத் தொழில் அவர்களை ஏற்றுக்கொண்டது. பெயிண்டிங்கைவிட இன்னும் ஒரு படி கீழே, கேள்வியே கேட்காத தொழில்.

அவர்களுடைய பிள்ளைகள் அருகிலுள்ள அரசுப் பள்ளியில் தமிழில் படிக்கிறார்கள், தமிழில் சண்டை போடுகிறார்கள். மொழித் தடை ஒரு தலைமுறையில் கரைந்துவிடும் என்பதற்கு இது போதும். பத்தாம் வகுப்புச் சான்றிதழும் கையில் கிடைக்கும். அதற்குப் பிறகு கல்லூரிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என்று ஒவ்வொரு வாசலிலும் அடுத்த தாள் கேட்பார்கள்.

ஈழ அகதிகளுக்கு மட்டும் வாசல் கொஞ்சம் திறந்திருக்கிறது. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. ஆனால் 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசாணை, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்கிறது. அது குடியுரிமை அல்ல. நிலம் வாங்கும் உரிமையும் அதில் வரவில்லை. 2022-ல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வழியில்லாமல் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கி, மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டவர்கள் அந்தத் தேதிக்கு இந்தப் பக்கம் வந்தவர்கள்.